நுண்துளியிலிருந்து ஆவிவரை: வேக எஞ்சின்களில் பெட்ரோலைச் சரியாகக் கலப்பதற்கான முழுமையான வழிகாட்டி

பெட்ரோல் திரவமாக இருக்கும்வரை எரியாது. காற்றோடு கலந்த அதன் ஆவிதான் எரிகிறது. நிமிடத்திற்கு 6,000 சுற்றுகளில் ஓடும் எஞ்சினில் உறிஞ்சும் வீச்சுக்கு 5 மில்லி விநாடியும் அமுக்க வீச்சுக்கு இன்னொரு 5 மில்லி விநாடியும் கிடைக்கின்றன. 9,000 சுற்றுகளில் ஒவ்வொரு வீச்சுக்கும் 3.3 மில்லி விநாடிதான். இதற்குள் இன்ஜெக்டரிலிருந்து வெளிவரும் பெட்ரோல் நுண்துளிகளாக உடைந்து, ஆவியாகி, காற்றோடு சீராகக் கலந்து, பிளக் பொறி விடும் நேரத்தில் எரியத் தயாராக இருக்க வேண்டும். தயாராகாத பகுதி சிலிண்டர் சுவரில் படிந்து எஞ்சின் எண்ணெயில் கலக்கும், கரியாகப் படியும், அல்லது எரியாமலே புகைக்குழாய் வழியாக வெளியேறும்.

இதில் துளியாக்கம், ஆவியாக்கம் என இரண்டு வேலைகள் உள்ளன. ஒரு துளியின் விட்டம் 100 மைக்ரானிலிருந்து 50 மைக்ரானாகக் குறைந்தால், அதே அளவு பெட்ரோலின் மொத்தப் பரப்பு இரட்டிப்பாகிறது. ஒவ்வொரு துளியும் ஆவியாகி முடிக்கும் நேரமோ நான்கில் ஒரு பங்காகிறது, ஏனெனில் துளியின் ஆயுள் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. சிங்கப்பூரின் வீவக அடுக்குமாடி வீட்டுச் சன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் விரித்துப் போட்ட துணி, வாளிக்குள் குவித்து வைத்த துணியைவிட விரைவில் காய்வதும் பரப்பு கூடுவதால்தான். ஆனால் அந்த ஒப்புமை ஓரளவுக்கே பொருந்தும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதம் துணி காய்வதைத் தாமதப்படுத்துவதுபோல் பெட்ரோல் ஆவியாவதைத் தாமதப்படுத்தாது. 31 டிகிரி செல்சியஸில் 80 விழுக்காடு ஈரப்பதம் இருந்தால் காற்றின் கன அளவில் ஏறத்தாழ மூன்றரை விழுக்காடு நீராவி இடம் பிடித்துக்கொள்கிறது. அந்த அளவுக்கு ஆக்சிஜன் குறைவதால் எஞ்சினின் சக்தியும் சற்றுக் குறைகிறது. ஈரப்பதத்தின் தீங்கு அங்கே இருக்கிறது.

வெளிநாட்டு வழிகாட்டிகள் பலவும் குளிர்காலக் காலைகளில் எஞ்சினைக் கிளப்பும் தொல்லைக்கே பாதிப் பக்கங்களைச் செலவிடுகின்றன. சிங்கப்பூரில் அந்தத் தொல்லை இல்லை. ஆண்டு முழுவதும் 25 முதல் 33 டிகிரி வரை வெப்பம் நிலவும் இடத்தில் பெட்ரோலை ஆவியாக்குவது கடினமன்று. அது எங்கே, எதனுடைய வெப்பத்தை எடுத்துக்கொண்டு ஆவியாகிறது என்பதைத்தான் நாம் கவனிக்க வேண்டும். ஒரு கிலோ பெட்ரோல் ஆவியாக ஏறத்தாழ 350 கிலோஜூல் வெப்பம் தேவை. 14.7 பங்கு காற்றுக்கு ஒரு பங்கு பெட்ரோல் என்ற விகிதத்தில் இந்த வெப்பம் முழுவதும் காற்றிலிருந்தே எடுக்கப்பட்டால், காற்று 20 டிகிரிக்கு மேல் குளிரும். 40 டிகிரியில் உள்ளே வரும் காற்றின் அடர்த்தி அதிகபட்சமாக 7 விழுக்காடுவரை கூடும். அதே வெப்பம் சூடான வால்விலிருந்தோ, காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்தனுப்பும் மேனிஃபோல்டின் சுவரிலிருந்தோ எடுக்கப்பட்டால் காற்று குளிராது, அந்த ஆதாயமும் கிடைக்காது. நடைமுறையில் இரண்டும் கலந்தே நடக்கின்றன. கீழே வரும் படிகளில் பெரும்பாலானவை அந்தக் கலவையைக் காற்றின் பக்கம் சாய்ப்பதற்கானவை.

முதல் படி: எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள்

அகலப்பட்டை லாம்டா உணர்வி (காற்று-பெட்ரோல் விகிதத்தைப் புகையிலிருந்து அளப்பது; 14.7க்கு 1 என்ற விகிதம் லாம்டா 1, அதற்குக் கீழே போனால் செறிவான கலவை), எரிபொருள் அழுத்தமானி, உள்வரும் காற்றின் வெப்பநிலைப் பதிவு ஆகிய மூன்றும் இல்லாமல் இந்த வேலையில் இறங்குவது வீண்செலவு. பிளக், காயில், சிலிண்டர் அமுக்கம் ஆகியவை நல்ல நிலையில் உள்ளனவா என்பதையும் முதலிலேயே உறுதிசெய்ய வேண்டும். பொறி பலவீனமாக இருப்பதால் வரும் தடுமாற்றமும் துளி பெரிதாக இருப்பதால் வரும் தடுமாற்றமும் ஓட்டுபவருக்கு ஒன்றுபோலவே தெரியும்.

டர்போ இல்லாத எஞ்சின்கள் பெரும்பாலும் லாம்டா 0.86 முதல் 0.90 வரையிலான அளவில் முழுச் சக்தியைத் தரும். உங்கள் எஞ்சின் அதைவிட மிகவும் செறிவான கலவையில்தான் நன்றாக இழுக்கிறது என்றால், ஊற்றும் பெட்ரோலில் ஒரு பகுதி நேரத்துக்கு ஆவியாகவில்லை என்று ஐயப்படலாம். எண்ணெய்க் குச்சியில் பெட்ரோல் வாடை, த்ராட்டிலைத் திடீரெனத் திறக்கும்போது ஒரு நொடித் தயக்கம், ஒரே எஞ்சினின் பிளக்குகளுக்கிடையே நிற வேறுபாடு ஆகியவையும் அதே பக்கத்தைச் சுட்டுகின்றன. பிளக் துளை வழியாகச் சிறு கேமராவை இறக்கிப் பிஸ்டன் தலையைப் பார்ப்பது எல்லாவற்றிலும் தெளிவான சான்று. கரி படிந்த பிஸ்டனில், காற்றை உள்ளே விடும் இன்டேக் வால்வின் பக்கம் மட்டும் கழுவிவிட்டதுபோல் உலோகம் பளிச்சென்று தெரிந்தால், அங்கே பெட்ரோல் திரவமாகவே வந்து விழுகிறது.

இரண்டாம் படி: எரிபொருள் அழுத்தம்

இன்டேக் வழியில் பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சின்களில் வழக்கமான அழுத்தம் 3 பார் (அழுத்த அலகு). இது மேனிஃபோல்டின் அழுத்தத்துக்கு மேலான 3 பார் என்பதை மறக்கக் கூடாது. டர்போ 1 பார் தள்ளும்போது இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோலைப் பகிரும் குழாயான ரயிலில் 4 பார் இருந்தால்தான் இன்ஜெக்டரின் இரு முனைகளுக்கும் இடையே அதே 3 பார் நிலைக்கும். அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரின் வெற்றிடக் குழாய் விரிசல் விட்டிருந்தாலோ, பம்ப்புக்குச் செல்லும் வயரில் மின்னழுத்தம் குறைந்தாலோ, வடிகட்டி அடைத்திருந்தாலோ, உச்சச் சுற்றுகளில் இந்த வேறுபாடு சரிந்து துளிகள் பருத்துவிடும். ஆகவே முழு த்ராட்டிலில், முழுச் சுமையில் அழுத்தத்தைப் பதிவு செய்யுங்கள். நிறுத்தி வைத்த வண்டியில் ஐட்லிங்கில் பார்க்கும் அளவு எதையும் நிரூபிக்காது.

அழுத்தத்தை 3 பாரிலிருந்து 4 பாருக்கு ஏற்றினால் ஓட்டம் 15 விழுக்காட்டுக்குச் சற்று மேல் கூடும், ஏனெனில் ஓட்டம் அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பின்பற்றுகிறது. துளி சிறிதாவது அதைவிடக் குறைந்த அளவில்தான். அழுத்தம் ஒன்றே எல்லாவற்றையும் சரிசெய்துவிடும் என்று விற்பவர்கள் சொன்னால் நம்ப வேண்டாம். அழுத்தம் கூடும்போது பம்ப் தள்ளும் அளவு குறையும். இன்ஜெக்டர் திறக்கத் தாமதிக்கும் நேரமும் மாறும். புதிய தாமத அளவுகளை எஞ்சின் கணினியில் பதியாமல் அழுத்தத்தை மட்டும் ஏற்றினால் ஐட்லிங் தள்ளாடும்.

மூன்றாம் படி: இன்ஜெக்டர்

செலவிடும் பணத்துக்கு ஏற்ற பலன் பெரும்பாலும் கிடைப்பது இங்கேதான். புதிதாக வாங்குவதற்கு முன், இருப்பதைக் கழற்றிச் சோதனைப் பலகையில் ஏற்றிப் பாருங்கள். காக்கி புக்கிட், சின் மிங் போன்ற இடங்களில் உள்ள பட்டறைகளில் இந்த வசதியைத் தேடலாம். ரயிலில் மீந்திருக்கும் அழுத்தத்தை விடுவித்த பிறகே குழாயில் கை வைக்க வேண்டும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு படர்ந்து தொலைவில் இருக்கும் பொறியைத் தேடிப் போகும். அதனால் இதை அடுக்குமாடிக் கார் நிறுத்துமிடத்தில் செய்யவே கூடாது.

சோதனைப் பலகையில் இன்ஜெக்டர்கள் வரிசையாகத் தொங்க, கீழே ஒவ்வொன்றுக்கும் அளவுக் கோடிட்ட கண்ணாடிக் குழாய் இருக்கும். விட்டு விட்டு ஒளிரும் விளக்கில் தெளிப்பு உறைந்ததுபோல் கண்ணுக்குத் தெரியும். நல்ல இன்ஜெக்டரில் முனையிலிருந்து ஓரிரு சென்டிமீட்டருக்குள் திரவ இழைகள் அறுந்து மென்புகையாக விரியும்; இரட்டைத் தெளிப்பு வகையென்றால் இரண்டு கூம்புகளும் தனித்தனியே, சம அகலத்தில் நிற்கும். கெட்டதில் கூம்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், அல்லது புகையின் நடுவே உடையாத ஒரு தாரை நேராக இறங்கும். "அண்ணே, மூணாவதைப் பாருங்க, நடுவுல கம்பி ஓடுது" என்று பட்டறைத் தம்பி சொல்வது இதைத்தான். பிறகு மின்சாரத்தை நிறுத்தி, அழுத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் வைத்திருந்து முனையைப் பாருங்கள். அங்கே ஒரு துளி திரண்டு தொங்கினால், நிறுத்தி வைத்த வண்டியில் அது மேனிஃபோல்டுக்குள் சொட்டிக்கொண்டே இருக்கும். குழாய்களில் சேர்ந்த அளவுகளுக்கிடையே வேறுபாடு 2 அல்லது 3 விழுக்காட்டைத் தாண்டினால், மீயொலித் தொட்டியில் சுத்தம் செய்து, உள்வடிகட்டியையும் ரப்பர் வளையங்களையும் மாற்றி, மீண்டும் சோதிக்க வேண்டும்.

புதிது வாங்குவதானால் துளைகளின் எண்ணிக்கையைப் பாருங்கள். ஊசிமுனை வகைப் பழைய இன்ஜெக்டர்களைவிட, 8 முதல் 12 சிறு துளைகள் கொண்ட தட்டு வகை மிகவும் சிறிய துளிகளைத் தரும். அளவைத் தேர்ந்தெடுக்க ஓர் எளிய கணக்கு போதும். 150 கிலோவாட், அதாவது ஏறத்தாழ 200 குதிரைத்திறன் தரும் நான்கு சிலிண்டர் எஞ்சின் ஒரு கிலோவாட் மணிக்கு 300 கிராம் பெட்ரோல் குடிப்பதாகக் கொண்டால், மணிக்கு 45 கிலோ தேவைப்படும்; அது நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு லிட்டர், இன்ஜெக்டருக்கு 250 மில்லிலிட்டர். இன்ஜெக்டர் 80 விழுக்காடு நேரம் மட்டுமே திறந்திருக்க வேண்டும் என்பதால் 315 மில்லிலிட்டர் அளவுள்ளது போதும். இதே எஞ்சினுக்கு 1,000 மில்லிலிட்டர் இன்ஜெக்டரைப் பூட்டிவிட்டு, ஐட்லிங்கில் சகிக்க முடியாத பெட்ரோல் வாடையோடு சுற்றுபவர்களை எல்லாக் கார் கூட்டங்களிலும் காணலாம். அவ்வளவு பெரிய இன்ஜெக்டர் ஐட்லிங்கில் திறந்து உடனே மூட வேண்டியிருப்பதால், முழுத் தெளிப்பு உருவாகும் முன்பே மூடிவிடுகிறது. அப்போது வெளிவருவது பெரும்பாலும் பெருந்துளிகள்தான்.

பலரும் கவனிக்காத இன்னொன்று, இன்ஜெக்டரின் திசை. நான்கு வால்வுத் தலையில் இரண்டு கூம்புகளும் இரண்டு இன்டேக் வால்வுகளின் முதுகை நோக்கி இருக்க வேண்டும். ரயிலை மாட்டும்போது இன்ஜெக்டர் தன் அச்சில் சற்றே திரும்பிவிட்டால், தெளிப்பு இரு வால்வு வழிகளுக்கும் இடையேயான நடுச்சுவரில் மோதி, அதை நனைத்து, திரவப் படலமாக வழியும். விலையுயர்ந்த இன்ஜெக்டர் வாங்கியும் பலன் தெரியவில்லை என்று புலம்புபவர்கள் முதலில் இதைப் பார்ப்பது நல்லது.

நான்காம் படி: எப்போது பீய்ச்சுவது

மூடிய இன்டேக் வால்வின் சூடான முதுகில் பெட்ரோலைப் பீய்ச்சினால் ஆவியாவதற்கு அதிக நேரம் கிடைக்கும். ஆனால் அந்த வெப்பம் உலோகத்திலிருந்து வருகிறது. வால்வு திறந்திருக்கும்போது பீய்ச்சினால் துளிகள் காற்றோடு உள்ளே சென்று காற்றைக் குளிர்விக்கும். ஆனால் துளிகள் பெரிதாக இருந்தால் சிலிண்டரின் எதிர்ச்சுவரை நனைத்துவிடும். எனவே மூன்றாம் படியை முடிக்காமல் இந்தப் படிக்கு வருவதில் பொருளில்லை.

கணினியில் பீய்ச்சி முடியும் கோணத்தை மாற்ற முடியுமானால், டைனோவில் (எஞ்சின் சக்தியை அளக்கும் கருவி) சுற்றையும் சுமையையும் நிலையாக வைத்து, பீய்ச்சும் நேரத்தின் நீளத்தை மாற்றாமல், கோணத்தை 30 டிகிரி படிகளாக நகர்த்திப் பாருங்கள். ஒவ்வொரு படியிலும் முறுக்குவிசையையும் லாம்டாவையும் குறித்துக்கொள்ளுங்கள். முறுக்குவிசை உச்சத்துக்கு வந்து, லாம்டா மிகச் செறிவாகத் தெரியும் கோணத்தில் ஊற்றிய பெட்ரோலில் பெரும்பகுதி எரிதலுக்கு வந்து சேர்கிறது. அங்கிருந்து பெட்ரோலைக் குறைத்து இலக்குக்குக் கொண்டுவரலாம். இரண்டு வால்வுகளும் சேர்ந்து திறந்திருக்கும் நேரத்தில் பீய்ச்சினால் பெட்ரோல் நேராகப் புகைவழிக்குப் போய் உணர்வியை ஏமாற்றக்கூடும் என்பதால், லாம்டாவை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

இதன் பலன் ஐட்லிங்கிலும் நடுச் சுற்றுகளிலும்தான் தெரியும். 8,000 சுற்றுகளில் முழுச் சுழற்சிக்கே 15 மில்லி விநாடிதான். அதில் 12 மில்லி விநாடி இன்ஜெக்டர் திறந்தே இருக்கும்போது கோணத்தைப் பற்றிப் பேச எதுவும் இல்லை. அந்தச் சுற்றுகளுக்காகவே வேக மோட்டார்சைக்கிள்கள் சிலவற்றில் காற்றுக்குழலின் வாய்க்கு மேலே இரண்டாவது வரிசை இன்ஜெக்டர்கள் வைக்கப்படுகின்றன. நீண்ட பாதையில் துளிகள் காற்றின் வெப்பத்தை எடுத்தே ஆவியாகின்றன. தாழ்ந்த சுற்றுகளில் அதே பாதை முழுவதும் நனையும் என்பதால் அவை உயர் சுற்றுகளில் மட்டுமே இயங்கும்.

ஐந்தாம் படி: காற்றின் வேகம்

இன்ஜெக்டர் விட்ட துளியைக் காற்றும் உடைக்க முடியும். பெட்ரோலின் பரப்பு இழுவிசை நீரினுடையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. அப்படியிருந்தும் 100 மைக்ரான் துளியை உடைக்க, துளிக்கும் காற்றுக்கும் இடையே விநாடிக்கு ஏறத்தாழ 47 மீட்டர் வேக வேறுபாடு வேண்டும்; 50 மைக்ரான் துளிக்கு 65 மீட்டருக்கு மேல் வேண்டும். இன்டேக் வழியைக் கண்மூடித்தனமாக அகலமாக்குபவர்கள் இழப்பது இந்த வேகத்தைத்தான். காற்றோட்டத்தை அளக்கும் ஓட்டப் பலகையில் எண் கூடியிருக்கும், சாலையில் நடுச் சுற்று செத்திருக்கும். வால்வு இருக்கையைப் பல கோணங்களில் சீவுவது ஓட்டத்துக்கும் உதவும், சுவரில் வழியும் படலத்தை விளிம்பில் கிழித்துத் துளியாக்கவும் உதவும். கார்புரேட்டர் எஞ்சின்களில் இன்டேக் வழியைக் கண்ணாடிபோல் மெருகேற்ற வேண்டாம்; 60 முதல் 80 எண் உப்புத்தாள் விட்டுச்செல்லும் சொரசொரப்பே படலத்தைக் கலைக்க நல்லது.

கார்புரேட்டர் வைத்திருப்பவர்களுக்கு

பழைய யமஹா ஆர்எக்ஸ்இஸட், கார்புரேட்டர் காலத்து ஹோண்டா சிபி400 போன்றவற்றைப் பேணிவருபவர்கள் பெரிய ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள பாகம்) வாங்க ஓடுவதற்கு முன், ஊசியையும் ஊசி ஜெட்டையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஆண்டுக்கணக்காக அதிர்ந்த ஊசி பித்தளைத் துளையை முட்டை வடிவமாகத் தேய்த்திருக்கும். அந்த இடைவெளியில் பெட்ரோல் ஒரு பக்கமாகத் தாரையாக ஏறும். எமல்ஷன் குழாயின் பக்கத் துளைகளும் காற்று ஜெட்டும் அடைத்திருந்தால், பெட்ரோலோடு முன்கூட்டியே கலக்க வேண்டிய காற்றுக்குமிழ்கள் வராமல் போகும். துளியாக்கத்தின் பாதி அங்கேயே போய்விடும். இவற்றைச் சரிசெய்து, மிதவை மட்டத்தைக் கையேட்டின்படி வைத்த பிறகே ஜெட் அளவைப் பற்றி யோசிக்க வேண்டும்.

ஆறாம் படி: வெப்பத்தைத் தள்ளி வைப்பது

பெட்ரோலைச் சூடாக்கினால் நன்றாக ஆவியாகுமே என்று கேட்பவர்களுக்கு நம் ஊரில் ஒரே பதில்: ஏற்கெனவே தேவைக்கு மேல் சூடாகத்தான் இருக்கிறது. பெட்ரோலின் இலேசான கூறுகள் 35 டிகிரி அளவிலேயே கொதிக்கத் தொடங்குகின்றன. உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடி வரிசையில் ஊர்ந்து கொண்டிருக்கும் காரின் எஞ்சின் அறை அதைவிட மிகவும் சூடாக இருக்கும். ரயிலிலும் குழாயிலும் பெட்ரோல் குமிழ்விடத் தொடங்கினால், இன்ஜெக்டர் திரவத்தையும் ஆவியையும் மாறி மாறித் துப்பும். எவ்வளவு நல்ல இன்ஜெக்டரானாலும் தெளிப்பு குலையும்.

மேனிஃபோல்டுக்கும் தலைக்கும் இடையே வெப்பம் கடத்தாத பட்டை, புகைக்குழாய்க்கும் ரயிலுக்கும் இடையே தடுப்புத் தகடு, தொட்டிக்குத் திரும்பும் குழாயுள்ள ரயில், பானட்டுக்கு வெளியிலிருந்து காற்றை எடுக்கும் குழாய் ஆகிய நான்கும் இங்கே எந்தப் பளபளப்பான உதிரிப்பாகத்தையும்விட அதிகம் உழைக்கும். பனிக்கட்டி படியாமலிருக்க த்ராட்டில் உடலுக்குச் சூடான எஞ்சின் நீரைக் கொண்டுசெல்லும் குழாயைத் துண்டிக்கலாமா என்று சிலர் கேட்பதுண்டு. ஈரக்காற்றில் ஆவியாகும் பெட்ரோலின் குளிர்ச்சியால் விமானக் கார்புரேட்டர்களில் 25 டிகிரிக்கு மேலும் பனிக்கட்டி படிவதுண்டு. ஆனால் இன்ஜெக்டர் உள்ள காரில் பெட்ரோல் த்ராட்டிலைத் தாண்டிய பிறகே சேர்வதால், இந்த வெப்பநிலையில் அந்த அச்சம் இல்லை.

ஏழாம் படி: எரிபொருள்

98 ஆக்டேன் பெட்ரோல் 95ஐவிட நன்றாகத் துளியாகும் என்பது தவறான நம்பிக்கை. ஆக்டேன் எண் (ரோன்) நாக்கிங்கை, அதாவது கலவை தானாகவே வெடித்துத் தட்டுவதை, தாங்கும் திறனைச் சொல்கிறது. ஆவியாகும் தன்மை வேறு அளவு. சிவப்பு எண்தகடு வைத்த வார இறுதிக் கார்களுக்கும் எப்போதாவது கிளப்பும் பைக்குகளுக்கும் உண்மையான சிக்கல் பழைய பெட்ரோல். வெப்பத்தில் வாரக்கணக்கில் நிற்கும்போது இலேசான கூறுகள் முதலில் வெளியேறுகின்றன. மீந்திருப்பது ஆவியாகத் தயங்கும். மலேசியாவின் செப்பாங் பந்தயத் தடத்தில் ஓட்டப் போகிறவர்கள், தொட்டி முக்காலாவது நிறைந்திருக்க வேண்டும் என்ற விதியால் சிங்கப்பூர்ப் பெட்ரோலோடுதான் எல்லை கடக்கிறார்கள். அங்கே நிரப்பும்போது வெளிநாட்டு வண்டிகளுக்கு ரோன் 95 கிடைக்காது, ரோன் 97 போட வேண்டியிருக்கும் என்பதால், 98க்கு இழுத்துக் கட்டிய பொறி நேரத்தைச் சற்றுத் தளர்த்தி வையுங்கள்.

எத்தனாலின் ஆவியாகும் வெப்பம் கிலோவுக்கு 840 கிலோஜூலுக்கு மேல். அதோடு 9 பங்கு காற்றுக்கே ஒரு பங்கு ஊற்ற வேண்டியிருப்பதால் காற்று மிகவும் குளிரும். டர்போ எஞ்சின்களுக்கு அது பெரிய வரம். இன்ஜெக்டர், பம்ப், ரப்பர் பாகங்கள் எல்லாம் அதற்கு ஏற்றவையா என்று பார்த்த பிறகே தொட வேண்டும்.

நேரடியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் எஞ்சின்கள்

இவற்றில் 200 பார், அதற்கு மேலும் அழுத்தம் இருப்பதால் துளிகள் 20 மைக்ரான் அளவுக்குச் சிறிதாகின்றன. 2014 முதல் ஃபார்முலா ஒன் விதிகள் 500 பார் வரை அனுமதித்தன. மரினா பேயில் 2008 முதல் 2013 வரை ஓடிய வி8 எஞ்சின்களுக்கு வரம்பு 100 பார்தான். ஆனால் பெட்ரோல் இன்டேக் வால்வைக் கழுவாததால் அதன் முதுகில் கரி படியும். அதைச் சுரண்டி எடுப்பதே இந்த எஞ்சின்களில் செய்யத்தக்க முதல் வேலை. 2012இல் வந்த டொயோட்டா 86 போன்றவற்றில் இரு வகை இன்ஜெக்டர்களும் இருப்பதால் அந்தத் தொல்லை குறைவு. உயரழுத்தக் குழாயை ஒருபோதும் எஞ்சின் ஓடும்போது தளர்த்தாதீர்கள். அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே போகும்.

மைலேஜை இரட்டிப்பாக்கும் என்று விற்கப்படும் காந்தம், சுழல் தகடு, ஆவியாக்கிக் குடுவை போன்றவற்றைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. சூடான, சீரான எஞ்சினில் ஊற்றிய பெட்ரோலின் பெரும்பகுதி ஏற்கெனவே எரிந்துவிடுகிறது. எரியாமல் போவது சில விழுக்காடுதான். மைலேஜை இரட்டிப்பாக்க அங்கே பெட்ரோலே இல்லை.

எட்டாம் படி: சட்டமும் சரிபார்ப்பும்

எந்த மாற்றத்துக்கு அனுமதி வேண்டும், எது கூடாது என்ற பட்டியலை நிலப் போக்குவரத்து ஆணையம் வெளியிட்டிருக்கிறது. பட்டறைக்காரரின் வாய்மொழி உறுதியை நம்பாமல், பாகம் வாங்கும் முன் அதை நீங்களே பாருங்கள். கட்டாயப் பரிசோதனையில் புகை அளவு தவறினால் திரும்பவும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டியிருக்கும்.

வேலை முடிந்த பிறகு நல்ல வெயில் நாளில் ஒரு நீண்ட ஓட்டம் முடித்து, எஞ்சினை அணைத்து, பானட்டை மூடியே கால் மணி நேரம் விட்டு மறுபடி கிளப்புங்கள். முதல் அரை நிமிடப் பதிவில் லாம்டா அலைபாயாமல் நின்றால் ஆறாம் படி சரியாக முடிந்திருக்கிறது. அலைந்தால் ரயிலின் வெப்பத்தடுப்பிலிருந்து திரும்பத் தொடங்குங்கள். எண்ணெயைப் புதிதாக மாற்றி 500 கிலோமீட்டர் ஓட்டியபின் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை இன்னும் இருந்தால், கேமராவை மீண்டும் பிளக் துளைக்குள் இறக்கி, எந்தச் சிலிண்டரின் பிஸ்டன் தலை இன்னும் பளிச்சென்று இருக்கிறது என்று கண்டுபிடித்து, அந்த ஒரு சிலிண்டரின் இன்ஜெக்டரை மட்டும் மறுபடி சோதனைப் பலகைக்கு அனுப்புங்கள்.